வேலூரிலிருந்து போய் 5,000 ரூபாயில் சென்னையின் பெரிய ஓட்டலில் கடல் உணவும் ஸ்டேக்கும் சாப்பிட முடியுமா?

முடியும். சிங்கி இறாலை (லாப்ஸ்டர்) மட்டும் மறந்துவிடுங்கள்.

நீங்கள் கேட்டது இது: சத்துவாச்சாரியில் இருக்கிறீர்கள், மே மாதம் திருமண நாள். வீட்டம்மாவுக்கு மீன், இறால் என்றால் உயிர். உங்களுக்கு ஒரு முறையாவது ஸ்டேக் (தடிமனாக வெட்டிச் சுட்ட மாட்டுக்கறித் துண்டு) ருசி பார்க்க ஆசை. இரண்டு பேருக்கும் சாப்பாட்டுக்கு மட்டும் 5,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறீர்கள்.

நான் ராணிப்பேட்டையில் ஒரு தோல் ஏற்றுமதிக் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர்கள் வந்தால் முதலாளி அவர்களைச் சென்னையில் விருந்துக்கு அழைத்துப் போவார். பில் என் மேசைக்கு வரும். அந்தப் பில்களைப் பார்த்துப் பார்த்துப் புரிந்துகொண்டது ஒன்றுதான். மீனும் கறியும் பணத்தைத் தின்பதைவிட அவற்றைச் சுற்றி வருபவை அதிகம் தின்கின்றன. தண்ணீர் பாட்டில், மாக்டெயில், பேச்சுவாக்கில் தலையாட்டியதில் வந்து இறங்கிய இன்னொரு ஸ்டார்ட்டர், அப்புறம் வரி, சர்வீஸ் சார்ஜ்.

முதலில் வரி. அறை வாடகை ஒரு நாளைக்கு 7,500 ரூபாய்க்கு மேல் வாங்கும் ஓட்டலுக்குள் இருக்கும் உணவகம் என்றால் ஜிஎஸ்டி 18 சதவீதம். தனியாக நடக்கும் உணவகம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் 5 சதவீதம்தான். உங்கள் 5,000 ரூபாயைப் பின்னாலிருந்து கணக்குப் போட்டால், நட்சத்திர ஓட்டலில் மெனு விலைப்படி சுமார் 4,200 ரூபாய்க்கு ஆர்டர் செய்யலாம். தனி உணவகத்தில் 4,750 வரை போகலாம். வித்தியாசம் ஐந்நூற்றைம்பது ரூபாய். ஒரு கணவாய் வறுவலோ சூப்போ அதில் வந்துவிடும்.

இதன் மேல் சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம் போட்டால் அதற்கும் சேர்த்துத்தான் ஜிஎஸ்டி கணக்கிடுவார்கள். 3,800 ரூபாய்க்குச் சாப்பிட்டால் 380 சர்வீஸ் சார்ஜ், 4,180-க்கு 18 சதவீதம் 752, ஆக மொத்தம் 4,932. சர்வீஸ் சார்ஜ் இல்லையென்றால் அதே சாப்பாடு 4,484. அதைக் கட்டாயமாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. "சர்வீஸ் சார்ஜை எடுத்துடுங்க, டிப்ஸ் கையில கொடுத்துடறேன்" என்று சாதாரணமாகச் சொல்லுங்கள். பையர்களை வைத்துக்கொண்டு எங்கள் முதலாளி சொல்லமாட்டார், கௌரவப் பிரச்சினை. உங்களுக்கு என்ன?

இரவு வேண்டாம், மதியம் போங்கள். பல இடங்களில் மதியத்துக்கு மட்டும் செட் லன்ச் உண்டு. ஸ்டார்ட்டர், மெயின், ஸ்வீட் மூன்றும் ஒரே விலையில் வரும், தனித்தனியாகச் சொல்வதைவிடக் குறைவு. வார நாள் என்றால் இன்னும் நல்லது. நமக்கு ரயிலும் ஒத்துவரும். காலையில் காட்பாடியில் ஏலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் மாலையில் அதிலேயே திரும்பிவிடலாம். இரவு விருந்து என்றால் சென்னையில் அறை எடுக்க வேண்டும், அல்லது கார் வைக்க வேண்டும். கோவளம் பக்கம் கடலைப் பார்த்தபடி சாப்பிடலாமே என்று தோன்றும். சென்ட்ரலிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். போக வர டாக்ஸிக்கே ஒரு நல்ல இறால் தட்டின் காசு போய்விடும்.

என்ன சாப்பிடுவது? என் கொள்கை, நம் வீட்டில் முடியாததை மட்டும் அங்கே கேட்பது. வஞ்சிரம் தவா வறுவல், இறால் தொக்கு, நண்டு மசாலா எல்லாம் வேலூர் மீன் மார்க்கெட்டில் வாங்கி உங்கள் வீட்டம்மாவே இன்னும் நன்றாகச் செய்வார். ஆம்பூர் பக்கத்து ஆட்கள் சென்னை நட்சத்திர ஓட்டலில் போய் பிரியாணி சொல்வதைப் பார்த்திருக்கிறேன், எதற்கென்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. வெண்ணெயும் எலுமிச்சையும் போட்டு கிரில் செய்த கொடுவா கேளுங்கள். மெனுவில் சீ பாஸ் என்று இருக்கும். தோல் மொறுமொறுவென்று, உள்ளே சதை ஈரம் போகாமல் இதழிதழாகப் பிரிய வேண்டும். அதற்கு வேண்டிய சூடும் கைப்பழக்கமும் நம் அடுப்படியில் கஷ்டம். காசு கொடுப்பது அதற்குத்தான். நார்வே சால்மன் வேண்டாம். விமானத்தில் வந்த செலவையும் நம் தலையில்தான் கட்டுவார்கள்.

மே மாதம் என்பதால் இன்னொன்று. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது, கடல் மீன் விலை ஏறும், ஐஸில் கிடந்த சரக்கும் புழங்கும். அந்த நேரத்தில் வளர்ப்பு மீன்தான் புத்திசாலித்தனம். வன்னாமி இறால் பண்ணையில் வருவது, தடைக்காலம் அதைத் தொடாது. கொடுவாவும் பண்ணையில் வளர்க்கிறார்கள். "இன்னிக்கு என்ன ஃபிரெஷ்ஷா வந்திருக்கு?" என்று கேட்பதில் வெட்கமே படாதீர்கள்.

மெனுவில் சிங்கி இறாலுக்கும் நண்டுக்கும் எதிரே விலை இருக்காது, 'ஏபிஎஸ்' என்றோ 'மார்க்கெட் விலை' என்றோ போட்டிருப்பார்கள். அளவைப் பொறுத்து விலை என்று அர்த்தம். பட்ஜெட் உடையும் இடம் அதுதான். அண்ணன் குடும்பத்தோடு போயிருந்தபோது பரிமாறுபவர் ஐஸ் நிரப்பிய தட்டில் ஒரு சிங்கியைக் கொண்டுவந்து காட்டினார். மீசை தட்டைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தது. "எண்ணூறு கிராம் வரும் மேடம், நூறு கிராம் இவ்வளவு" என்றார். அண்ணி குடியாத்தத்துக்காரர், மீன் கடையில் பேரம் பேசிப் பழகியவர். "ஏம்ப்பா, இது தலையோட சேர்த்து எடையா, தலைய எடுத்துட்டா?" என்று கேட்டார். "தலையோடதான் மேடம்." "அப்ப தலைக்கும் ஓட்டுக்கும் சேர்த்து நான் காசு குடுக்கணுமா?" அவரும் சிரித்துவிட்டார், தட்டும் திரும்பிப் போய்விட்டது. அண்ணி கேட்டது சரியான கேள்வி. சிங்கியில் பாதிக்கு மேல் தலையும் ஓடும்தான். நண்டுதான் வேண்டும் என்றால் "இந்த நண்டு மொத்தமா எவ்வளவு ஆகும்?" என்று ரூபாயில் கேட்டுவிட்டு, பிறகு சரி சொல்லுங்கள்.

ஸ்டேக்குக்கு வருவோம். ஒன்று போதும், இரண்டு பேரும் பகிர்ந்துகொள்ளலாம். வீட்டம்மா மாட்டுக்கறி சாப்பிடுவாரா என்று கிளம்புவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஸ்டேக் உங்களுக்கு, மீன் அவருக்கு. டெண்டர்லாயின் என்று போட்டிருப்பது நம் பக்கத்துக் கறிக்கடையில் அண்டர்கட் என்று கேட்டு வாங்கும் அதே துண்டு. மாட்டிறைச்சி இறக்குமதிக்கு இந்தியாவில் தடை இருப்பதால், எந்த ஊர்ப் பெயரைப் போட்டிருந்தாலும் கறி நம் நாட்டுக் கறிதான். பெயருக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். எப்படி வேக வேண்டும் என்று கேட்பார்கள். நம் ஆட்கள் பயந்துபோய் 'வெல்டன்' என்பார்கள். டெண்டர்லாயினில் கொழுப்பு குறைவு, முழுக்க வேகவைத்தால் வறண்டு போகும், ஆயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்துவிட்டு மென்றுகொண்டே இருக்க வேண்டியதுதான். 'மீடியம்' என்று சொல்லுங்கள். வெட்டும்போது நடுவில் இளஞ்சிவப்பாக இருக்கும், தட்டில் கொஞ்சம் சிவப்பு நீர் இறங்கும். அது ரத்தம் இல்லை, தசையில் இருக்கும் மயோகுளோபின் என்ற புரதம் கலந்த நீர். கூடவே மசித்த உருளைக்கிழங்கும் காய்கறியும் தட்டிலேயே வரும், தனியாகச் சைட் டிஷ் சொல்லத் தேவையில்லை.

உட்கார்ந்த உடனே "ஸ்டில்லா, ஸ்பார்க்ளிங்கா?" என்பார்கள். ஒன்று சாதா பாட்டில் தண்ணீர், மற்றது சோடா மாதிரி நுரைப்பது. இரண்டுக்கும் காசு. "ரெகுலர் வாட்டர்" என்று சொன்னால் சாதாரணத் தண்ணீர் வரும். பல ஸ்டேக் கடைகளில் ரொட்டியும் வெண்ணெயும் இலவசம், ஆனால் கேட்டுவிட்டுத் தொடுங்கள். மது பக்கம் போனால் இந்தக் கணக்கு எதுவும் நிற்காது. ஈஸிடைனர், ஸ்விக்கி டைன்அவுட் என்ற முன்பதிவு ஆப்கள் இரண்டிலும் அந்த உணவகத்துக்குச் சலுகை இருக்கிறதா என்று பாருங்கள். சிலவற்றுக்கு ஆப் வழியாக முன்பதிவு செய்து அதிலேயே பணம் கட்டினால்தான் தள்ளுபடி. உடைக்குப் பேன்ட், ஷூ போதும்.

முன்பதிவு செய்யும்போதே திருமண நாள் என்று சொல்லிவிடுங்கள். பல இடங்களில் சின்ன கேக் ஒன்றைத் தட்டில் சாக்லேட்டால் வாழ்த்து எழுதிக் கொண்டுவருவார்கள். டெசர்ட் செலவு மிச்சம். அது காம்ப்ளிமென்டரியா, பில்லில் ஏறுமா என்று மட்டும் போனிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.