மலிவுக் கடையான கொஸ்ட்கோவில் வாங்கிய தங்கக் கட்டியை நம்பலாமா?

ரொறன்ரோவிலுள்ள அண்ணா கொண்டுவரும் 1 அவுன்ஸ் கட்டி பற்றிக் கிளிநொச்சியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். நம்பலாம். அங்கே விலை குறைவதற்குக் காரணம் தரக்குறைவு அல்ல. கொஸ்ட்கோ பிற நிறுவனப் பொருட்களில் பொதுவாக 14 சதவீதத்துக்கு மேல் இலாபம் வைப்பதில்லை. அங்கத்தவர்களின் வருடக் கட்டணமே அதன் இலாபத்துக்கு முதுகெலும்பு. வசதியானவர்கள் வைர மோதிரத்துக்கும் அங்கே போவது இதனால்தான்.

கைக்கடிகாரம் என்றால் கவனம். வேறு நாட்டுச் சந்தைக்கென அனுப்பிய கடிகாரங்களை வாங்கி விற்றதற்காகக் கொஸ்ட்கோமீது கடிகார நிறுவனமான ஒமேகா வழக்குப் போட்டது; 2015இல் மேன்முறையீட்டில் கொஸ்ட்கோ வென்றது. அவை அசல்தான். ஆனால் இப்படிச் சுற்றிவரும் கடிகாரத்துக்குத் தயாரிப்பாளரின் உத்தரவாதம் கிடைக்காமல் போகலாம்.

இனிக் கட்டி. 31.1 கிராம், 24 கரட். 8 கிராம் பவுண் கணக்கில் ஏறத்தாழ 3.9 பவுண். பலர் ஏமாறுவது இங்கேதான்: 22 கரட் நகையாக்கும்போது செம்பு முதலியன கலப்பதால் எடை சுமார் 33.9 கிராமாக, அதாவது 4.2 பவுணாகக் கூடும். சேதாரத்தை அதிலிருந்தே கழிக்கச் சொல்லிப் பத்தரிடம் முன்கூட்டியே பேசுங்கள். விற்கும் எண்ணமிருந்தால் தொடரிலக்கமுள்ள முத்திரை உறையை வெட்டவேண்டாம். வெட்டினால் உரசிப் பார்த்து விலையைக் குறைப்பார்கள். பற்றுச்சீட்டோடு சுங்கத்தில் அறிவித்தே கொண்டுவரச் சொல்லுங்கள். கட்டியைக் கடை திருப்பி எடுக்காது.