கழற்றுகிற பிள்ளைக்கு விளையாட்டுப் பெட்டி வாங்கலாமா?

முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறீர்கள்: நாலரை வயது மகன் சுவர் மணிக்கூட்டைக் கழற்றிப் போட்டுவிட்டான், நாள் முழுக்க "ஏன், ஏன்" என்கிறான், கொழும்பில் விற்கிற விலை கூடிய கட்டுமான விளையாட்டுப் பெட்டியைக் கடன்பட்டாவது வாங்கலாமா என்று.

கடன்பட வேண்டாம் அக்கா. நான் கிளிநொச்சிப் பக்கம், இரண்டு பிள்ளைகளின் தகப்பன். அந்தப் பெட்டியில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் உங்கள் வளவில் கிடக்கிற மண்ணும் ஓலையும் தண்ணீரும் அதைவிடக் கூடச் சொல்லிக் கொடுக்கும்.

2018 டிசம்பர் வெள்ளம் நினைவிருக்கும். எங்கள் பக்கத்துப் பெரிய குளமான இரணைமடுவின் வான்கதவுகளைத் திறந்த நேரம். மகளுக்கு அப்போது ஐந்து வயது. வெள்ளம் வடிந்த பிறகு அவளைக் குளக்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பார்த்துக்கொண்டே நின்றவள், "இவ்வளவு தண்ணியையும் மண்தானே பிடிச்சு வச்சிருக்கு, ஏன் அது கரையேல்ல?" என்று கேட்டாள். எனக்குத் தெரிந்ததைச் சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டு, "வீட்டை போய் நாங்களும் ஒண்டு கட்டிப் பாப்பம்" என்றேன்.

முதல் கட்டு மணலில். ஊற்றிய தண்ணீர் அடியால் ஊறிப் போய்விட்டது. திண்ணையில் இருந்த அம்மம்மாதான், "மணல் நிக்காது பிள்ளை, புற்றுமண் எடுத்துக் குழையுங்கோ" என்றார். மண்வீடு கட்டி இருந்த மனுசி, அவருக்குத் தெரியும். கரைந்து கிடந்த பழைய புற்றொன்றிலிருந்து நான் மண் வெட்டி வந்தேன். இரண்டாவது கட்டு நின்றது. வாளி வாளியாக ஊற்றினாள். நிரம்பி, பதிந்திருந்த ஓரிடத்தால் தண்ணீர் கட்டுக்கு மேலால் வழிந்தது. வழிந்த இடம் அரித்து, கண் மூடித் திறக்க முதல் கட்டே பிளந்து போயிற்று. பிள்ளை அழுதாள். ஓடிப்போய்த் திருத்திக் கொடுக்கக் கை பரபரத்தது. பிள்ளை வளர்ப்பில் எனக்கு ஆகக் கடினமாக இருந்தது இப்படிக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற அந்த நேரம்தான்.

மறுநாள் காலை தானாகவே வந்து, "அப்பா, மேலால போகவிடாம பக்கத்தால போக வழி விடுவம்" என்றாள். கட்டின் ஒரு தொங்கலில், கட்டைவிடக் கொஞ்சம் பதிவாக, உடைந்த ஓட்டுத் துண்டுகளைப் பதித்தோம். அதற்குப் பிறகுதான் "இதுக்குப் பேர் வான்" என்று சொன்னேன். கையால் செய்த பிறகு கேட்ட சொல் அவளுக்கு மறக்கவே இல்லை. அடியில் ஒரு பப்பாசிக் குழலைச் செருகி, துணியால் அடைத்து, வேண்டியபோது தண்ணீர் திறந்துவிடுகிற துருசும் வைத்தோம். அந்தத் தண்ணீர் கீரைப் பாத்திக்குப் போனது.

அதே கிழமை ஒரு பெரிய தண்ணீர்ப் போத்தலில் மேலும் நடுவிலும் கீழுமாக மூன்று ஓட்டை போட்டு, உயரமான வாங்கில் வைத்து நிரப்பினோம். கீழ் ஓட்டைத் தண்ணீர்தான் ஆக வேகமாகப் பாய்ந்தது. குளக்கட்டின் அடி ஏன் அவ்வளவு அகலம் என்று அவள் பிறகு என்னிடம் கேட்கவில்லை. "அடித் தண்ணிதான் ஆகத் தள்ளுது" என்று தானே அம்மம்மாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான் வளர்ந்தது தொண்ணூறுகளில். போர்க்காலம், அரசாங்கத்தின் பொருளாதாரத் தடை, வன்னிக்குள் பற்றரி வர விடமாட்டார்கள். அண்ணா சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்ற, டைனமோ கரண்டில் றேடியோ பாடும். கை ஓய்ந்தால் குரலும் ஓயும். கரண்ட் என்றால் என்னவென்று நான் படித்தது அங்கேதான். பழைய டைனமோவும் சின்ன பல்ப்பும் கிடைத்தால் உங்கள் மகனையும் சுற்ற விடுங்கள். அப்புறம் பட்டம், நுங்குக் கோம்பை வண்டி, ஓலைக் காற்றாடி எல்லாம் நீங்களே அறிந்தவை.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். வன்னி மண்ணில் இன்னும் வெடிபொருள் கிடக்கிறது. காணியிலோ காட்டோரத்திலோ கிடக்கிற தெரியாத இரும்பைத் தொடக்கூடாது, எறியக்கூடாது, வந்து பெரியவர்களிடம் சொல்ல வேண்டும். கழற்றுகிற கை உள்ள பிள்ளைக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். கழற்ற வேண்டியது வீட்டில் நீங்கள் எடுத்துக் கொடுக்கிற சாமான் மட்டும். பிளக்கில் போடுகிற எதுவும் வேண்டாம். கைக்கடிகாரத்தில் இருக்கிற அந்தச் சின்ன வட்டப் பற்றரியை எட்டாத இடத்தில் வையுங்கள், விழுங்கினால் தொண்டைக்குழாயை எரித்துவிடும். தண்ணீர் விளையாட்டென்றால் பக்கத்திலேயே இருங்கள், கிணற்றடி வேண்டாம்.

சரி, அந்த மணிக்கூடு. ஏச வேண்டாம், இன்றைக்கே திரும்பப் பூட்டவும் சொல்ல வேண்டாம். பற்றரியை எடுத்துவிட்டு, பற்சக்கரங்களை ஒரு ஐஸ்கிரீம் பெட்டியில் போட்டு அவனிடமே கொடுங்கள். ஒன்றைச் சுற்றினால் மற்றது எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று கேட்டுவிட்டு, நீங்கள் உங்கள் அடுப்படி வேலையைப் பாருங்கள். அவன் வந்து சொல்வான்.