லேப்டாப்பில் லினக்ஸ்: குமரி மாணவர்களின் கேள்விகள்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. இந்த முறை வந்த கேள்விகளில் பாதி அதையொட்டியவை.

4 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப். விண்டோஸ் 11 ஏறாது என்கிறார்கள். புதிது வாங்க வசதி இல்லை. என்ன செய்வது?
*மாணவி, மார்த்தாண்டம்*

புதிது வாங்கவே வேண்டாம். விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளம் லினக்ஸ். அதன் ஒரு வகையான லினக்ஸ் மிண்ட்டில், பழைய கணினிக்கு ஏற்ற லேசான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போடுங்கள். மிண்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. பிரவுசரில் இருபது டேப் திறந்தால் 4 ஜிபி திணறத்தான் செய்யும், அது எந்த இயங்குதளத்திலும் அப்படித்தான். கையில் கொஞ்சம் பணம் சேர்ந்தால் ஹார்ட் டிஸ்க்கை மாற்றி எஸ்எஸ்டி போடுங்கள், வேகம் நன்றாகவே கூடும்.

லினக்ஸ் சும்மா கிடைக்கிறதே, இதில் வில்லங்கம் ஏதும் உண்டா?
*மாணவனின் தந்தை, குளச்சல்*

இல்லை ஐயா. 1991-இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது இது. இன்று பெரிய நிறுவனங்களே சம்பளம் கொடுத்து ஆட்களை இதில் வேலை செய்ய வைக்கின்றன, ஏனென்றால் அவர்களுடைய சர்வர்கள் ஓடுவது இதில்தான். ஆண்ட்ராய்டு போனின் அடியில் இருப்பதும் லினக்ஸின் மையப் பகுதியான கர்னல்தான். உங்கள் மகன் ஒரு காப்பி எடுத்து நண்பர்களுக்குக் கொடுத்தாலும் சட்டப்படி குற்றமில்லை. உரிமமே அதற்கு அனுமதி தருகிறது.

எங்கள் துறையில் அறுபது மாணவர்களுக்கு லினக்ஸ் அறிமுக நாள் நடத்த நினைக்கிறோம். எப்படித் தொடங்கலாம்?
*விரிவுரையாளர், நாகர்கோவில்*

இந்தக் கேள்வியைப் பார்த்ததும் மகிழ்ச்சியாக இருந்தது. 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் என்ற லினக்ஸ் வகையும் வந்தது, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. ஆனால் பலர் அந்தப் பக்கமே போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து காட்ட ஆள் இல்லாததுதான் காரணம் என்பது என் கருத்து. களியக்காவிளை தாண்டினால் கேரள அரசுப் பள்ளிகளில் உபுண்டு என்ற லினக்ஸ் வகையின் அடிப்படையிலான இயங்குதளத்தில்தான் பிள்ளைகள் கணினி படிக்கிறார்கள். அங்கே ஆசிரியர்களுக்கே முதலில் பயிற்சி கொடுத்தார்கள். உங்கள் நிகழ்ச்சிக்கும் அதுதான் அடிப்படை. ஐந்து மாணவருக்கு ஒரு சீனியர் என்று முன்கூட்டியே பழக்கிவிடுங்கள்.

மிண்ட்டை நிறுவ உதவும் ஐஎஸ்ஓ கோப்பு சுமார் 3 ஜிபி இருக்கும். அறுபது பேரும் கல்லூரி வைஃபையில் இறக்கினால் அன்றைய பொழுது அதிலேயே போய்விடும். முந்தைய வாரமே ஒருமுறை இறக்கி, வென்டாய் என்ற கருவி மூலம், கணினி பூட் ஆகும்படி பென் டிரைவ்களில் ஏற்றி வையுங்கள். ஒரே பென் டிரைவில் மிண்ட், உபுண்டு இரண்டும் இருக்கலாம்.

முதல் நாள் யாருடைய லேப்டாப்பிலும் எதையும் நிறுவாதீர்கள். லைவ் முறையில், அதாவது நிறுவாமல் பென் டிரைவிலிருந்தே பூட் செய்து, அவரவர் புராஜெக்ட் கோப்பை லிப்ரே ஆஃபீஸில் திறக்கட்டும், வைஃபை பிடிக்கட்டும், பாட்டு கேட்கட்டும். டிஸ்க்கில் எதுவும் மாறாது என்று தெரிந்தாலே பயம் போய்விடும். வரலாற்று உரையைப் பத்து நிமிடத்தில் முடித்துவிடுங்கள்.

பிடித்துப்போய் டூயல் பூட் (ஒரே லேப்டாப்பில் விண்டோஸ், லினக்ஸ் இரண்டும்) கேட்பவர்களுக்கு இன்னொரு நாள். அதற்கு முன் பேக்கப் எடுத்தே ஆக வேண்டும். விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டும் வசதியான பிட்லாக்கரின் மீட்புக் குறியீட்டைத் தாளில் எழுதி வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் விண்டோஸ் பக்கம் பூட்டிக்கொள்ளக்கூடும். அப்புறம், மழை நாளில் கரண்ட் போகும் நம் ஊரில், பேட்டரி நிற்காத லேப்டாப்பை யூபிஎஸ் இல்லாமல் தொடவே கூடாது.

லேபில் டர்போ சி++ தான். அதே புரோகிராம் லினக்ஸில் ஓடுமா?
*மாணவர், தக்கலை*

சின்ன மாற்றங்களோடு ஓடும். கோனியோ ஹெடரும் கிளியர் ஸ்கிரீன் கட்டளையும் இங்கே இல்லை, நீக்கிவிடுங்கள். 'வாய்ட் மெயின்' என்பதை 'இன்ட் மெயின்' ஆக்குங்கள். ஐஓஸ்ட்ரீமுக்குப் பின்னால் '.எச்' வேண்டாம், 'யூசிங் நேம்ஸ்பேஸ் எஸ்டிடி' வரியைச் சேருங்கள். வேலைக்குப் போகும் இடங்களில் ஜிசிசி போன்ற இன்றைய கம்பைலர்கள்தான் (நிரலை ஓடும் வடிவுக்கு மாற்றுபவை) இருக்கும், இப்போதே பழகுவது உங்களுக்கு நல்லது. பரீட்சைக்கு டர்போ சி வேண்டுமென்றால் பழைய டாஸ் மென்பொருள்களை ஓட்ட உதவும் டாஸ்பாக்ஸில் ஓட்டலாம்.

பி.காம் படிக்கிறேன். டாலி ஓடுமா?
*மாணவி, குழித்துறை*

கணக்கு எழுதும் மென்பொருளான டாலி பிரைம் விண்டோஸுக்கானது. டூயல் பூட் வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் டைப் செய்ய முடியுமா?
*தமிழ் இலக்கிய மாணவர், கொல்லங்கோடு*

தட்டச்சுக்கான ஐபஸ், எம்17என் என்ற இரண்டு மென்பொருள்களையும் நிறுவினால் தமிழ்99, ஒலிபெயர்ப்பு எனப் பல விசைப்பலகைகள் கிடைக்கும். தமிழ்99 பழகுங்கள், மெய்யெழுத்துப் புள்ளி பல இடங்களில் தானாக விழும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

மிண்ட் போட்டேன், வைஃபை தெரியவே இல்லை.
*மாணவர், திங்கள்சந்தை*

போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் (போனின் நெட்டை லேப்டாப்புக்குப் பகிர்வது) போடுங்கள், நெட் வந்துவிடும். பிறகு டிரைவர் மேனேஜரைத் திறந்து, அது காட்டும் வைஃபை டிரைவரை நிறுவி ரீஸ்டார்ட் செய்யுங்கள். அங்கே எதுவும் காட்டாவிட்டால் லேப்டாப்பின் மாடல் எண்ணோடு திரும்ப எழுதுங்கள்.