வாசகர் கேள்வி – பதில்: லோடு ஏறினால் வேகம் குறைவது ஏன்?

கேள்வி: எங்கள் டீசல் ஜெனரேட்டர் லோடு இல்லாதபோது 52 ஹெர்ட்ஸ் காட்டுகிறது. முழு லோடு ஏற்றினால் 50-க்கு இறங்கி அங்கேயே நிற்கிறது. மெக்கானிக்கல் கவர்னர்தான். அது பழுதா?

பதில்: பழுதில்லை. எஞ்சின் வேகத்தைப் பார்த்து டீசலைக் கூட்டிக் குறைக்கும் கருவியே கவர்னர். அதில் எஞ்சினோடு சுழலும் எடைகள் வேகம் கூடினால் வெளியே விரியும். ஸ்பிரிங் அவற்றை உள்ளே தள்ளும். இந்த இழுபறி எங்கே சமனாகிறதோ, அதற்கேற்ப டீசல் பம்பின் ரேக் என்ற தண்டு நகர்ந்து டீசல் அளவை மாற்றும். லோடு ஏறியதும் வேகம் குறைகிறது, எடைகள் சுருங்குகின்றன, டீசல் கூடுகிறது. வேகம் முழுதும் பழைய இடத்துக்கே வந்துவிட்டால் எடைகளும் பழையபடி விரிந்து, கூட்டிய டீசலைக் குறைத்துவிடும். ஆகவே கூடுதல் டீசல் தொடர்ந்து கிடைக்க, வேகம் சற்றுக் குறைவாகத்தான் நிற்க முடியும். இதுவே ட்ரூப்.

மின்சாரம் உண்டாக்கும் பகுதியான ஆல்டர்னேட்டர் 4 துருவம் கொண்டதானால், 50 ஹெர்ட்ஸ் என்றால் 1500 ஆர்.பி.எம்., 52 என்றால் 1560. வித்தியாசமான 60, 1500-இல் 4 சதவீதம். இந்த வகைக் கவர்னருக்கு 4, 5 சதவீதம் வழக்கமானதே.

பலர் லோடு இல்லாமலே 50-இல் வைத்துவிடுகிறார்கள். அது தவறு. முழு லோடில் 48-க்கு வந்துவிடும்; அப்போது பெரிய மோட்டார் ஒன்று ஸ்டார்ட் ஆனால் இன்னும் சரிந்து, வோல்டேஜைச் சீராக்கும் ஏ.வி.ஆர். அதையும் குறைக்கத் தொடங்கும். முழு லோடில் 50 வரும்படி வையுங்கள். சரிசெய்யும்போது பாதி லோடுதான் கிடைக்கும் என்றால் 51-இல் வையுங்கள்.

மோட்டார் ஸ்டார்ட் ஆகும் கணத்தில் வரும் சரிவு வேறு. டர்போ எஞ்சினில் டீசல் உடனே கூடினாலும் காற்று சற்றுத் தாமதித்தே வரும். வேகத்தை அமைக்கும் ஸ்க்ரூவைத் திருகி அதைத் தீர்க்க முடியாது. பெரிய மோட்டாரை முதலில், மற்றவற்றை ஒவ்வொன்றாகப் போடுங்கள்.

கேள்வி: லோடு மாறாமலே எஞ்சின் வேகம் ஏறி இறங்குகிறது. ஸ்பிரிங்கை இறுக்கலாமா?

பதில்: இது ஹண்டிங். ஸ்பிரிங்கைக் கடைசியில்தான் தொட வேண்டும். முதலில் டீசல் லைன்: ஃபில்டரை மாற்றி, இணைப்புகளை இறுக்கி, காற்றை வெளியேற்றுங்கள். பிறகு எஞ்சினை நிறுத்தி, கவர்னரையும் ரேக்கையும் இணைக்கும் லிங்க்கைக் கழற்றி ரேக்கைக் கையால் அசையுங்கள். எங்கும் பிடிக்காமல் ஓட வேண்டும். லிங்க் முனைகளின் பால் ஜாயின்ட் தேய்ந்திருந்தால், அந்தத் தளர்வு தீரும்வரை கவர்னரின் அசைவு ரேக்குக்குப் போய்ச் சேராது. அதற்குள் வேகம் எல்லை தாண்டிவிடும், உடனே எதிர்ப்பக்கம் இழுக்கும். அந்த ஜாயின்ட்டை மாற்றியே ஆக வேண்டும்.

எலக்ட்ரானிக் கவர்னரில் இவை சரியாக இருந்தும் ஆட்டம் நின்றபாடில்லை என்றால், கெயினை, அதாவது வேக மாற்றத்துக்குக் கவர்னர் காட்டும் எதிர்வினையின் அளவை, சிறிது சிறிதாகக் குறையுங்கள். ஃப்ளைவீல் பல்லைப் பார்த்து வேகத்தை அறியும் பிக்அப் சென்சாரில் இரும்புத்தூள் ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

லிங்க்கை எஞ்சின் ஓடும்போது கழற்றவே கூடாது. ரேக் முழு டீசலுக்குப் போனால் வேகம் கட்டுக்கடங்காது. மறுபடி மாட்டி முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போது ஒருவர் ஸ்டாப் லீவரில் கைவைத்தே நிற்க வேண்டும்.