பக்கத்துப் படகு ஏன் வந்தது?

வணக்கம் சார்,

எனக்குத் தொண்டிக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர். இப்போது சென்னையில் ஐடி வேலை. பெயர் போட வேண்டாம், அம்மா உங்கள் தளத்தைப் படிப்பதில்லை, ஆனால் சித்தப்பா மகன் படிக்கிறான்.

போன மாதம் அண்ணன் தொழிலுக்குப் போன வள்ளம் இன்ஜின் கோளாறாகி ராத்திரி முழுக்கக் கடலில் நின்றுவிட்டது. வாடைக்காற்று வேறு. போனும் கிடைக்கவில்லை. நான் சென்னையிலிருந்து கடலோரக் காவல்படையின் 1554-க்கு விடாமல் அடித்துக்கொண்டிருந்தேன். அம்மா மஞ்சள் துணியில் காசு முடிந்து அம்மன் படத்துக்கு முன்னால் வைத்தார், ஏர்வாடி தர்காவுக்கு நேர்ந்துகொண்டார், பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லி அந்தோணியாருக்கு மெழுகுவத்தி ஏற்றச் சொன்னார். விடியும்போது பக்கத்து ஊர்ப் படகு ஒன்று அண்ணனைக் கட்டி இழுத்து வந்தது. அம்மாவைப் பொறுத்தவரை மூன்று சாமியும் சேர்ந்து காப்பாற்றிவிட்டார்கள். இப்போது மூன்று இடத்துக்கும் போக வேண்டும், ஊருக்குச் சாப்பாடு போட வேண்டும் என்று மகளிர் குழுவில் 18,000 ரூபாய் கடன் கேட்டிருக்கிறார். நான் கத்திவிட்டேன்.

மதம் பயத்தில் பிறந்ததுதானே சார்? ஜிபிஎஸ்ஸும் வானிலை அறிக்கையும் வந்த பிறகும் எதற்கு? சண்டையைத் தவிர மதத்தால் மனிதனுக்கு என்ன கிடைத்தது?

அன்புள்ள தம்பி,

அண்ணன் கரை சேர்ந்ததில் சந்தோஷம். 1554-க்கு அடித்ததும் சரியான காரியம், அதை அம்மாவிடம் ஒருநாள் சண்டை இல்லாமல் சொல்லுங்கள். நானும் சாமி கும்பிடுகிற ஆள் இல்லை, அதனால் உங்களை மனம் மாற்றுகிற வேலை எனக்குக் கிடையாது. ஆனால் உங்கள் கடிதத்தில் நீங்கள் அவசரமாகத் தாண்டிப் போன ஒரு வரி இருக்கிறது. பக்கத்து ஊர்ப் படகு. அந்தப் படகு ஏன் வந்தது? அதற்கு அப்புறம் வருகிறேன்.

பயம் என்று சொன்னதில் பாதி சரி. மாலினோவ்ஸ்கி என்ற மானிடவியல் ஆய்வாளர் 1915-லிருந்து 1918 வரைக்குள் பப்புவா நியூ கினியா பக்கம் டுரோப்ரியாண்ட் தீவுகளில் போய்த் தங்கினார். அங்கே தீவுக்குள்ளேயே அமைதியான கழியில் மீன் பிடிப்பார்கள், வேரை அரைத்துக் கலக்கினால் மீன் மயங்கி மேலே வந்துவிடும், ஆபத்தும் இல்லை, பாடும், அதாவது கிடைக்கிற மீனும், நிச்சயம். அந்தத் தொழிலுக்கு மந்திரம் சடங்கு எதுவும் கிடையாது. அதே ஆட்கள் வெளிக்கடலுக்குப் போகும்போது மட்டும் ஏகப்பட்ட சடங்கு செய்வார்கள். நம் பக்கம் பாக் நீரிணையைப் பெண்கடல் என்றும் மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் சொல்வார்கள் இல்லையா, அந்தக் கணக்குத்தான். கைக்கு அடங்குகிற இடத்தில் மனிதன் தன் திறமையை நம்புகிறான், அடங்காத இடத்தில் வேறு எதையோ.

அப்படியென்றால் ஜிபிஎஸ் வந்தபின் சாமி போயிருக்க வேண்டும். போகவில்லையே. எந்த இறங்குதளத்துக்கு வேண்டுமானாலும் போய் விசைப்படகின் கேபினுக்குள் எட்டிப்பாருங்கள், ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர், மேலே ஒரு படம், காய்ந்துபோன எலுமிச்சம்பழம், எல்லாம் ஒரே பலகையில் இருக்கும். படகுக்காரர் முட்டாள் என்று நினைக்காதீர்கள். காற்றைப் பற்றிய பயம் குறைந்தது உண்மை, அந்த இடத்துக்கு வேறு பயங்கள் வந்துவிட்டன. 1974-லும் 1976-லும் இந்திய, இலங்கை அரசுகள் காகிதத்தில் போட்ட எல்லைக்கோடு தண்ணீரில் தெரியாது, ஜிபிஎஸ்ஸில் தெரியும், ஆனால் கோட்டுக்கு அந்தப் பக்கம்தான் மீன் இருக்கிறது. படகு பிடிபட்டால் எப்போது திரும்ப வரும் என்று யாருக்கும் தெரியாது, வாங்கிய கடனுக்கு வட்டி மட்டும் நிற்காது. 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து போகிற முதல் நாள் டீசல் காசாவது தேறுமா என்பது ஒரு பயம். கணவாய் மீன் விலையைக் கரையில் யாரோ சொல்கிறார்கள், அது இன்னொரு பயம். இதற்கெல்லாம் எந்த வானிலை அறிக்கை இருக்கிறது?

உங்கள் அம்மா விஷயத்துக்கு வருகிறேன். கடலில் நிற்கிறவனுக்குக் கைக்கு வேலை உண்டு, தண்ணீர் இறைக்கலாம், நங்கூரம் போடலாம், டார்ச் அடிக்கலாம். உங்களுக்குப் போன் இருந்தது. அவருக்கு என்ன இருந்தது? அந்த ராத்திரியை அவர் எப்படிக் கடந்திருப்பார் என்று யோசித்தால் அந்த மஞ்சள் துணி எனக்கு அவ்வளவு கோபம் தரவில்லை.

சரி, படகு. ஒரு நாள் பாட்டை விட்டுவிட்டு, சொந்த டீசலை எரித்து, வாடைக்காற்றில் இன்னொரு ஊர்க்காரனைத் தேடிப் போவது லாபக் கணக்கில் வராது. சட்டமும் அவரைக் கையைப் பிடித்து அனுப்பவில்லை. அவர் போனதற்குக் காரணம், நாளைக்குத் தன் படகு நின்றால் உங்கள் ஊர் வரும் என்று அவருக்குத் தெரியும். எப்படித் தெரியும்? இங்கேதான் நான் தலைக்கட்டு வரி நோட்டைப் பற்றிப் பேச வேண்டும். கோவில் கொடைக்கு, கந்தூரிக்கு, மாதா திருவிழாவுக்கு என்று பெயர் மாறினாலும் விஷயம் ஒன்றுதான், கல்யாணமான ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு, புருஷன் இல்லாத வீட்டுக்குப் பாதி வரி. பாடு இல்லாத வருஷத்திலும் அதைக் கட்டுகிறவன் நாளைக்கு ஓடிப்போக மாட்டான் என்று ஊர் நம்புகிறது. கஷ்டப்பட்டுக் கொடுப்பதுதான் அங்கே ஜாமீன். சுலபமாக இருந்தால் யாரும் நடித்துவிடலாமே.

இது என் கற்பனை இல்லை. ரிச்சர்டு சோசிஸ் என்ற ஆய்வாளர் 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் கூட்டுவாழ்வு நடத்திய 83 குடியிருப்புகளை எடுத்துப் பார்த்தார். சிலது மதத்தை வைத்துத் தொடங்கியவை, சிலது சோஷலிசம் மாதிரி கொள்கைகளை வைத்து. மதக் குடியிருப்புகள்தான் அதிக காலம் தாக்குப்பிடித்தன. அதைவிட விசித்திரம், இதைத் தின்னக்கூடாது, இப்படித்தான் உடுத்த வேண்டும் என்று எவ்வளவுக்கு எவ்வளவு கடுமையாகக் கேட்டார்களோ அவ்வளவுக்கு மதக் குடியிருப்புகள் நீடித்தன. கொள்கைக் குடியிருப்புகளில் அதே கடுமை எந்தப் பலனும் தரவில்லை. ஏன் என்று கேட்டால், எதற்காக என்று கேள்வி கேட்க முடிகிற விதியை மனிதன் கணக்குப் போட்டுப் பார்த்து விட்டுவிடுகிறான், சாமி சொன்னது என்றால் கணக்குப் போடுவதில்லை.

எனக்கு இது பிடிக்கவில்லை. சொந்த அனுபவம் சொல்கிறேன். என் அப்பா தொழிற்சங்கத்து ஆள், கோவில் கணக்கைப் பொதுவில் வாசிக்கச் சொன்னார், வாசிக்கும்வரை வரி கட்ட மாட்டேன் என்றார். ஊர் எங்களை ஒதுக்கி வைத்தது. இரண்டு வருஷம். கடையில் சாமான் கிடையாது, எங்கள் வீட்டு விசேஷத்துக்கு ஆள் கிடையாது. அந்த நேரத்தில்தான் அப்பத்தா செத்துப்போனார். தூக்க ஆள் வரவில்லை. மண்டபம் ஊரிலிருந்து சங்கத்துத் தோழர்கள் நாலு பேர் பஸ் ஏறி வந்து தூக்கினார்கள், அதில் ஒருவர் மரைக்காயர், ஒருவர் பரவர், மற்ற இருவரும் யார் என்று அப்பாவுக்கே தெரியாது. எனக்கு அப்போது 11 வயது. சாமி வேண்டாம், சங்கம் போதும் என்று அன்றைக்கு முடிவு பண்ணினேன். இன்றைக்கு அந்தச் சங்கத்துக்கு எங்கள் பக்கம் ஒரு போர்டு கூட இல்லை. தலைக்கட்டு நோட்டு இன்னும் ஓடுகிறது. சோசிஸ் சொன்னதைப் படித்தபோது எனக்கு நியாபகம் வந்தது அந்த போர்டுதான்.

ஆக, உங்கள் அண்ணனைக் காப்பாற்றிய நோட்டும் என் அப்பத்தாவுக்கு ஆள் வரவிடாத நோட்டும் ஒரே நோட்டு. இதில் நல்லதை மட்டும் பிய்த்து எடுக்க வழி தெரிந்தால் எனக்கும் எழுதுங்கள்.

சண்டை பற்றிக் கேட்டீர்கள். ஓரியூர் உங்களுக்குப் பக்கம்தான். 1693 பிப்ரவரி 4-ஆம் தேதி அருளானந்தர் என்ற போர்ச்சுகீசியப் பாதிரியார் ஜான் டி பிரிட்டோவின் தலையை அங்கே வெட்டினார்கள். மதச் சண்டை என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம், ஆனால் உள்ளே போனால் தடியத்தேவர் என்ற மறவர் தலைவர் கிறிஸ்தவரானதும் முதல் மனைவியைத் தவிர மற்ற மனைவிகளை விலக்கினார், விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி ராமநாதபுரம் அரசர் சேதுபதிக்கு உறவுக்காரப் பெண், அங்கிருந்துதான் விவகாரம் அரண்மனைக்குப் போனது. அப்போது ஆண்டவர் கிழவன் சேதுபதி, கீழக்கரை சீதக்காதி மரைக்காயரைப் பக்கத்தில் வைத்துக்கொண்ட அதே கிழவன் சேதுபதி. இன்றைக்கு ஓரியூர்ச் செம்மண்ணைப் பக்தியோடு அள்ளிக்கொண்டு போகிறவர்களில் எல்லா சாதியும் இருக்கிறது. வெட்டியதற்குக் காரணம் மதமா, குடும்ப மானமா, அரசியலா என்று என்னால் பிரிக்க முடியவில்லை, பிரித்துவிட்டேன் என்று சொல்கிறவர்களை நான் நம்புவதும் இல்லை.

ஆனால் ஏர்வாடி விஷயத்தில் எனக்கு இந்தக் குழப்பம் கிடையாது. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை, தர்காவைச் சுற்றி இருந்த தனியார் விடுதிகளில் ஒன்றில் தீப்பிடித்து மனநலம் பாதிக்கப்பட்ட 28 பேர் செத்தார்கள். ஓட முடியவில்லை, சங்கிலியில் கட்டியிருந்தார்கள். அந்த விடுதி தர்காவுடையது இல்லை, நம்பி வந்த குடும்பங்களை வைத்துக் காசு பார்த்த வியாபாரம். அதனால் நம்பிக்கைக்கு இதில் பங்கே இல்லை என்று சிலர் சொல்வார்கள். அது ஏமாற்று. குணமாகும்வரை அங்கேயே இருக்க வேண்டும் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் அந்தக் கொட்டகைக்கு வாடகை கொடுக்க ஆள் ஏது? பின்னால் தர்காவிலேயே மனநல மருத்துவர் உட்கார்ந்து, துவாவும் (பிரார்த்தனையும்) நடக்கட்டும் மாத்திரையும் போடு என்று ஒரு ஏற்பாடு வந்தது. துவாவை விடு என்று சொல்லியிருந்தால் மாத்திரையும் உள்ளே போயிருக்காது என்பது அங்கே வேலை பார்க்கிறவர்களுக்குத் தெரியும். நீங்கள் கத்தியதற்குப் பதில் இதைத்தான் செய்திருக்கலாம்.

கச்சத்தீவையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் இரண்டு தடவை போனேன். 285 ஏக்கர், குடிக்கத் தண்ணீர் கிடையாது, கட்டிக்கொண்டு போன சோறு. அந்தோணியாருக்கு அங்கே முதலில் கோவில் கட்டியவர் உங்கள் தொண்டிக்கு அடுத்த நம்புதாளைக்காரர், சீனிக்குப்பன் படையாட்சி என்று சொல்வார்கள். சாயங்காலம் சிலுவைப்பாதையில் என் பக்கத்தில் நடந்தவர் யாழ்ப்பாணம் பக்கத்து மீனவர், எங்கள் ஆட்களின் இழுவை மடி அவர் வலையை மூன்று முறை அறுத்துவிட்டதாகச் சொன்னார், கோபமாகத்தான் சொன்னார், சொல்லிவிட்டு மெழுகுவத்தியைப் பற்றவைக்க என்னிடம் தீப்பெட்டி கேட்டார். கடலில் சந்தித்திருந்தால் அந்தப் பேச்சே நடந்திருக்காது. 2024-இல் நம் மீனவர்களுக்கு இலங்கையில் சிறைத்தண்டனை கொடுத்ததற்கு எதிராக ராமேஸ்வரத்தில் அந்த வருஷத் திருவிழாவையே புறக்கணித்தார்கள். சாமி கும்பிடப் போகாமல் இருப்பதே ஒரு வேலைநிறுத்தம் ஆகிறது என்றால், அங்கே நடப்பது சாமி கும்பிடுவது மட்டும் இல்லை. இந்த இடம்தான் பயம் என்ற உங்கள் ஒற்றை வார்த்தைக்குள் அடங்கவில்லை.

18,000 ரூபாய்க்கு வருகிறேன். அந்தோணியாருக்கு மெழுகுவத்தி, ஏர்வாடிக்கு பஸ் செலவு, அம்மனுக்குப் பொங்கல், எல்லாம் சேர்த்து இரண்டாயிரம் தாண்டாது, அதை நீங்களே கொடுங்கள், குழுக் கடன் வேண்டாம். ஊர்ச் சாப்பாட்டை அந்தப் படகுக்காரர் வீட்டுச் சாப்பாடாக மாற்ற முடியுமா என்று அம்மாவிடம் கேட்டுப்பாருங்கள், அவர் எரித்த டீசலுக்கும் காசு கொடுங்கள், வாங்க மாட்டார், இருந்தாலும் கொண்டுபோய்க் கொடுங்கள். மீதியில் அண்ணன் வள்ளத்தில் எத்தனை பேரோ அத்தனை லைஃப் ஜாக்கெட். அடுத்த கச்சத்தீவுத் திருவிழாவுக்குப் பெயர் கொடுக்கும்போது நானும் கொடுப்பேன், அம்மா வருவதாக இருந்தால் ஆதார் நகலும் இரண்டு போட்டோவும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள், கடைசி நாளில் ஓடினால் வரிசை நீளமாக இருக்கும்.