வீடு கட்டப் போகிறீர்களா? கேளுங்கள்

(நகராட்சி நகரமைப்புப் பிரிவில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பொறியாளர் பதில் சொல்கிறார்)

கேள்வி: வளசரவாக்கத்தில் அரை கிரவுண்டு மனை இருக்கிறது. கீழே 800, மேலே 800 என்று 1,600 சதுர அடிக்கு வீடு கட்ட நினைக்கிறோம். சுயசான்று முறையில் (விதிப்படி கட்டுவோம் என்று நாமே உறுதி கொடுத்து இணையத்தில் அனுமதி வாங்குவது) விண்ணப்பித்தால் மாநகராட்சிக்கு மட்டும் ஒரு லட்சத்து அறுபதாயிரம் கட்ட வேண்டும் என்று பிளான் போட்டுத் தந்த பொறியாளர் சொல்கிறார். என் அண்ணன் சில வருடங்களுக்கு முன் கட்டியபோது இவ்வளவு ஆகவில்லை. இவர் சொல்வது உண்மையா?
– ஒரு வாசகி, சென்னை

பதில்: உண்மைதான் அம்மா. அவர் மேல் சந்தேகப்பட வேண்டாம். 2024 ஜூலையில் தமிழக அரசு சுயசான்று முறையைத் தொடங்கியபோது சென்னை மாநகராட்சிக்கு அறிவித்த விகிதம் சதுர அடிக்கு ஏறக்குறைய 100 ரூபாய். 1,600 சதுர அடிக்கு 1,60,000 ஆகிவிடுகிறது. ஊராட்சிகளில் இதே முறைக்குச் சதுர அடிக்கு 15 முதல் 27 ரூபாய் வரை என்று வைத்தார்கள். மற்ற மாநகராட்சிகளும் நகராட்சிகளும் இந்த இரண்டுக்கும் நடுவில் வரும். பணம் கட்டும் முன் அரசின் ஒற்றைச் சாளர இணையதளத்தில் உங்கள் அளவுகளை நீங்களே ஒரு தடவை போட்டுப் பாருங்கள். அங்கே காட்டும் தொகையும் அவர் சொல்லும் தொகையும் ஒன்றாக இருக்க வேண்டும்.

அண்ணன் கட்டிய காலத்தில் கட்டணம் பல தலைப்புகளில் பிரிந்து இருந்தது. உரிமக் கட்டணம் தனி, மேம்பாட்டுக் கட்டணம் தனி, பரிசீலனைக் கட்டணம் தனி. ஒவ்வொன்றுக்கும் ஒரு சலான், ஒவ்வொன்றுக்கும் ஒரு நடை. கணக்கில் வராமல் கைமாறிய பணமும் இருந்திருக்கலாம். அதை எந்த ரசீதிலும் பார்க்க முடியாது. இப்போது எல்லாம் ஒரே தொகையாகக் கண்ணெதிரே நிற்பதால் மலைப்பாக இருக்கிறது. ஆனாலும் தொகை கூடியிருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. 600 சதுர அடியில் வீடு கட்டுகிறவருக்கும் 3,500 சதுர அடியில் கட்டுகிறவருக்கும் ஒரே விகிதம் என்பது எனக்கு உடன்பாடில்லை. வீட்டுக் கடன் கைக்கு வருவதற்கு முன்பே கட்ட வேண்டிய பணம் இது. நகையை வைத்துக் கட்டுகிறவர்களை நேரில் பார்த்திருக்கிறேன். சின்ன வீடுகளுக்குத் தனி விகிதம் வேண்டும் என்று இந்தப் பகுதியில் முன்பே எழுதினேன், இப்போதும் அதையே சொல்கிறேன்.

சரி, இந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கிறது? மனை 2,500 சதுர அடிக்குள், கட்டிடம் 3,500 சதுர அடிக்குள், தரைத்தளம் அல்லது தரைத்தளமும் முதல் தளமும், உயரம் 7 மீட்டருக்குள். தொடங்கியபோது வைத்த வரம்பு இது. இதற்குள் இருந்தால் அனுமதி உடனே கிடைக்கும். முன்கூட்டியே யாரும் இடத்தைப் பார்க்க வர மாட்டார்கள். கட்டி முடித்த பிறகு வாங்கும் முடிவுச் சான்றிதழும் தேவையில்லை.

உங்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பதே இதுதான். யாரும் பார்க்க வர மாட்டார்கள் என்பதைப் பலர் சலுகை என்று எடுத்துக்கொள்கிறார்கள். நான் வேலையில் இருந்தபோது டேப்பைப் பிடித்துக்கொண்டு, வீட்டுக்கும் மனையின் எல்லைக்கும் நடுவே காலியாக விட வேண்டிய பக்கவாட்டு இடத்தை அளந்து, "இன்னும் அரையடி உள்ளே போங்க" என்று சொன்னால் மேஸ்திரி முறைப்பார், வீட்டுக்காரர் கெஞ்சுவார். இனி அந்த டேப் உங்கள் கையில்தான் இருக்கிறது. விதிப்படி கட்டுவேன் என்று கையெழுத்துப் போடுவது நீங்கள். மீறல் இருந்தால் பதில் சொல்ல வேண்டியதும் நீங்கள்தான்.

காலியாக விடும் இடம் வீண் என்று நினைக்காதீர்கள். தொண்ணூறுகளில் நான் வேலை பார்த்த ஊரில் ஒரு வீடு. பக்கவாட்டில் விட வேண்டிய மூன்றடியில் மாடிப்படியை இறக்கிவிட்டார்கள், மேலே சன்ஷேடு வேறு. மிஞ்சியது ஒன்றரை அடி. கட்டி முடித்து நாலு வருடம் கழித்து, பின்கட்டில் படுத்திருந்த பாட்டிக்கு ஒரு ராத்திரி மூச்சுத்திணறல். முன்பக்க ஹாலில் கல்யாணச் சாமான் அடுக்கி வைத்திருந்தார்கள். அந்தச் சந்தில் ஸ்ட்ரெச்சரைத் திருப்பவே முடியவில்லை. பக்கத்து வீட்டுக் கொல்லைச் சுவரின் மேல் தூக்கிக் கொடுத்து எடுத்துப் போனார்கள். பாட்டி பிழைத்துக்கொண்டார். அடுத்த மாதமே அவர் மகன் எங்கள் அலுவலகத்துக்கு வந்து, படியை இடித்துவிட்டு மாற்றிக் கட்ட பிளான் கேட்டார். அந்தக் கட்டிடத்தை முதலில் பார்வையிட்டு விட்டுவிட்டது எங்கள் பிரிவுதான். அது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

மழைநீர் சேகரிப்புக் குழியும் அந்தக் காலி இடத்தில்தான் வர வேண்டும். 2003 முதல் அது கட்டாயம். அப்புறம் தளப்பரப்புக் கணக்கு: 2019 பிப்ரவரியில் வந்த ஒருங்கிணைந்த கட்டிட விதிகளின்படி மனையின் பரப்பைப்போல இரண்டு மடங்கு வரை கட்டலாம், முன்பு ஒன்றரை மடங்குதான். உங்கள் அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி மனைக்கு 2,400 வரை இடம் இருக்கிறது. 1,600 தாராளம். நாலு பக்கமும் நெருக்கிக்கொண்டு போக வேண்டிய அவசியமே உங்களுக்கு இல்லை.

கேள்வி: பழைய வீட்டில் தரை டைல்ஸ் மாற்றி, பூச்சு உதிர்ந்த சுவரைப் பூசி, வெள்ளையடிக்கப் போகிறோம். இதற்கும் அனுமதி வாங்க வேண்டும் என்று ஒருவர் பணம் கேட்கிறார்.
– ஒரு வாசகர், மதுரை

பதில்: வேண்டாம். காசு கொடுக்காதீர்கள். ஹாலைப் பெரிதாக்க நடுச்சுவரை எடுப்பதாக இருந்தால் மட்டும் ஒரு பொறியாளரைக் காட்டாமல் கை வைக்காதீர்கள்.

கேள்வி: திருவாரூர் பக்கம் ஊராட்சியில் 2012இல் மனை வாங்கினேன். பத்திரம், பட்டா இரண்டும் என் பெயரில். லே-அவுட்டுக்கு அங்கீகாரம் இல்லை. சுயசான்றில் வீடு கட்டலாமா?
– ஒரு வாசகர், வளைகுடா நாட்டிலிருந்து

பதில்: முதலில் மனையை வரன்முறைப்படுத்துங்கள், அதாவது அதற்கு அரசின் அங்கீகாரம் வாங்குங்கள். பட்டா இருந்தால் போதும் என்று நம்பி அஸ்திவாரம் தோண்டியவர்களின் கடிதம் மாதம் இரண்டாவது எனக்கு வருகிறது. அங்கீகாரமில்லாத மனைகளுக்கான 2017ஆம் வருட வரன்முறைத் திட்டத்தில், 2016 அக்டோபர் 20க்கு முன் விற்ற மனைகளைத்தான் கணக்கில் எடுத்தார்கள். உங்களுடையது 2012 என்பதால் தேதி உங்களுக்குச் சாதகம். அந்தத் திட்டத்தின் காலக்கெடுவைப் பல தடவை நீட்டித்திருக்கிறார்கள், எனவே இப்போது வாய்ப்பு திறந்திருக்கிறதா என்று ஊரில் இருக்கும் யாராவது நேரில் போய்க் கேட்கட்டும். தொலைபேசியில் கேட்டு முடிவெடுக்க வேண்டாம். அதன் பிறகு வீட்டு அனுமதி. ஊராட்சிக்கு அனுமதியே வேண்டாம் என்று ஊரில் சொல்வார்கள், நம்பாதீர்கள்.

கேள்வி: மயிலாப்பூர் பக்கம் என் மாமனார் 1986இல் கட்டிய தரைத்தள வீடு. மகனுக்குக் கல்யாணம் வருகிறது, மேலே ஒரு மாடி எடுக்க வேண்டும். அப்போது வாங்கிய அனுமதியே போதுமா? பில்லர் கிடையாது, எல்லாம் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். சுவர் கெட்டியாக இருக்கிறது, தாங்கும் என்கிறார் கொத்தனார்.
– ஒரு வாசகி

பதில்: போதாது. புதுத் தளத்துக்குப் புது அனுமதி வேண்டும். அதுகூட எளிது, கட்டணம் கட்டினால் வந்துவிடும். எனக்குக் கவலை அஸ்திவாரத்தைப் பற்றித்தான்.

உங்கள் மாமனார் கட்டியபோது நிலநடுக்க வரைபடத்தில் சென்னை இரண்டாம் மண்டலத்தில் இருந்தது (மண்டல எண் கூடினால் ஆபத்தும் கூடுதல்). 2001இல் குஜராத் பூஜ் நிலநடுக்கத்துக்குப் பிறகு, 2002இல் திருத்திய இந்தியத் தரவிதி சென்னையை மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றியது. அதனால் பழைய வீட்டின் மேல் சுமை ஏற்றும்போது அன்றைக்குப் போட்ட கணக்கு செல்லாது. கொத்தனார் சுவரைத் தட்டிப் பார்த்துச் சொல்கிறார். சுவருக்குக் கீழே என்ன இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது. 2014 ஜூனில் மௌலிவாக்கத்தில் பதினோரு மாடி கட்டிக்கொண்டிருந்தபோதே சரிந்து 61 பேர் இறந்தார்கள். அது மிகப் பெரிய கட்டிடம், உங்கள் வீட்டோடு ஒப்பிட மாட்டேன். ஆனால் மண்ணும் அஸ்திவாரமும் மேலே ஏறும் சுமைக்கு ஈடாக இருக்க வேண்டும் என்பது இரண்டுக்கும் ஒன்றுதான்.

செலவு பண்ண வேண்டியது இங்கேதான். இரண்டு மூலைகளில் சுவரை ஒட்டிக் குழி தோண்டி அஸ்திவாரத்தின் ஆழத்தையும் அகலத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு ஸ்ட்ரக்சுரல் பொறியாளரிடம் எழுத்தில் வாங்குங்கள், வாய்வார்த்தை வேண்டாம். கதவு ஜன்னலுக்கு மேலே, லிண்டல் மட்டத்தில் சுற்றிலும் பெல்ட் கான்கிரீட் ஓடுகிறதா என்றும் அவர் பார்ப்பார். தாங்காது என்று சொன்னால் மனம் வருந்தாதீர்கள். வெளிப்பக்கம் தனிப் பில்லர் எழுப்பி அதன் மேல் மாடியை நிறுத்தும் வழி இருக்கிறது. ஆனால் அதற்குப் பக்கவாட்டு இடம் வேண்டும். உங்கள் மாமனார் எவ்வளவு விட்டிருக்கிறார் என்று அளந்து, ஒரு காகிதத்தில் வரைந்து எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.