கடற்பாசி ஆல்ஜினேட்டும் வே புரோட்டீனும் சேர்ந்ததை நிரூபிக்க எஃப்டிஐஆர் மட்டும் போதுமா?

போதாது. எஃப்டிஐஆர் என்பது ஒரு பொருள் அகச்சிவப்பு ஒளியை எங்கெங்கே உறிஞ்சுகிறது என்று காட்டும் சோதனை; ஒவ்வொரு உறிஞ்சலும் ஒரு பட்டையாகத் தெரியும். ஆல்ஜினேட் பழுப்புப் பாசியிலிருந்து எடுக்கும் கூழ்ப்பொருள், வே புரோட்டீன் பால் திரிந்தபின் பிரியும் நீரிலுள்ள புரதம். முட்டம் கடற்கரையில் எடுத்த சர்காசம் பாசியின் ஆல்ஜினேட் என்று எழுதியிருக்கிறீர்கள். அதன் கார்பாக்சிலேட் (எதிர்மின்னூட்டமுள்ள அமிலத் தொகுதி) பட்டை 1600 செமீ⁻¹ பக்கத்தில் விழும். புரதச் சங்கிலியின் பிணைப்புகள் தரும் அமைடு-1 பட்டையும் 1600–1700க்குள்தான். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். உலர்த்தாத சாம்பிளில் தண்ணீரும் 1640இல் வந்து குழப்பும்.

முதலில் பிஎச் டைட்ரேஷன் செய்யுங்கள், அதாவது அமிலம் சேர்த்துப் பிஎச்சைப் படிப்படியாக இறக்கிப் பாருங்கள். நாகர்கோவிலில் எந்தக் கல்லூரி ஆய்வகத்திலும் முடியும். பிஎச் 7இல் தெளிவாக இருக்கும் கலவையில் நீர்த்த அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். 5ஐ ஒட்டி பால்போல் கலங்கத் தொடங்கும். அங்கே புரதம் நேர்மின்னூட்டம் பெறுகிறது, ஆல்ஜினேட் எதிர்மின்னூட்டத்திலேயே நிற்கிறது. 600 நானோமீட்டரில் கலங்கலை அளந்து வரைபடம் போடுங்கள். ஒப்பிட, புரதத்தை மட்டும் வைத்தும் இதையே செய்யுங்கள், அதுவும் அந்தப் பிஎச்சை ஒட்டிக் கலங்கலாம்; அதைப் பிணைப்பு என்று எண்ணிவிடக் கூடாது. பிறகு உப்பு சேருங்கள்: கலங்கல் தெளிந்தால் பிணைப்பு மின்னூட்டத்தால் வந்தது. எனக்கு இந்த எளிய சோதனைமேல்தான் நம்பிக்கை அதிகம்.

துகள்களின் மேற்பரப்பு மின்னூட்டத்தைக் காட்டும் ஜீட்டா பொட்டென்ஷியல் இதை உறுதிப்படுத்தும். துகள் அளவுக்கு டிஎல்எஸ் (ஒளிச்சிதறலை வைத்து அளக்கும் முறை). வீழ்படிவு இறங்கிவிட்டால் அந்த எண்ணை நம்பாதீர்கள். புரதத்தின் மடிப்பு மாறியதா என்று சொல்வது சிடி நிறமாலை (வட்டமாக முனைவாக்கிய புற ஊதா ஒளியின் உறிஞ்சலை அளப்பது). அதற்குக் குளோரைடு இல்லாத பஃபர் (பிஎச்சை நிலையாக வைக்கும் கரைசல்) வேண்டும். ஆல்ஜினேட்டுக்கே 210 நானோமீட்டரருகே சிக்னல் உண்டு, அதைக் கழித்துவிடுங்கள்.